எல்லைக்கு அந்தப்புறம் – 9: குண்டளைப் பதிவேடு

2021 மே 24. கேரளத்தின் பதினைந்தாவது சட்டமன்றம் முதல் முறையாகக் கூடிய நாள். தேவிகுளத்தில் வென்று வந்திருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தார். அவருடைய தொகுதியில் தமிழில் பேசாமல் அரசியல் செய்ய முடியாது. ஆகவே அதில் வியப்பில்லை. ஆனால் அன்று அவர் கையில் இருந்த தமிழ் வாசகத்தில் ஒரு சொற்றொடர் விடுபட்டிருந்தது. உறுப்பினராகிறவர் கடவுளின் பெயரால் ஆணையிட வேண்டும். கடவுள் வேண்டாம் என்றால் உளமார உறுதி கூற வேண்டும். அந்தத் தாளில் இரண்டுமே இல்லை. மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை. ஜூன் 2 அன்று அவைத் தலைவர் எம்.பி. ராஜேஷ் முன்னிலையில் ராஜா மறுபடியும் உறுதிமொழி எடுத்தார்.

கடவுளைச் சாட்சிக்கு அழைப்பதா வேண்டாமா என்ற விஷயம் ஒன்பது நாளில் முடிந்தது. எந்தக் கடவுள் என்ற கேள்வி தீர நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றியதுதான் இந்த இதழ். தேவிகுளத்தின் கதையாகத் தொடங்கினாலும் இது கோலார் தங்கவயல், நாகபுரி, ராஜபாளையம், பாலக்காடு வரை போகும். பட்டியல் சாதியில் பிறந்த ஓர் அரசியல்வாதி மதம் மாறினாலோ, மாறியதாகச் சொல்லப்பட்டாலோ, அவருடைய பொதுவாழ்வு என்னவாகிறது என்பதை நம் நாட்டுச் சட்டம் 1950 முதல் ஒரே வரியை வைத்துத் தீர்மானித்து வருகிறது.

தேவிகுளம் தொகுதிக்குள் வரும் மூணாறு மலைகளில் தமிழர் குடியேறிய வரலாற்றை முந்தைய இதழ்களில் பார்த்தோம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னால் தேயிலை வந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். வந்தவர்களில் பெரும் பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் நிலமில்லாதவர்களும் குடும்பத்தோடு கடனில் கிடந்தவர்களும்தான் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றபோதுதான் 1956இல் எல்லை கீறப்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் பெரும்பான்மை வட்டங்கள். தோட்டத் தொழிலாளி நிலையாகக் குடியிருப்பவன் அல்ல, வேலைக்கு வந்து போகிறவன் என்ற வாதம் அன்று உரக்க எழுந்தது. கடைசியில் இரண்டு வட்டங்களும் கேரளத்துக்கே போயின.

‘எப்போது வந்தாய்?’ என்ற அந்தக் கேள்வி எல்லைத் தகராறோடு முடிந்துவிடவில்லை. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி உரிமை அடுத்த மாநிலத்துக்குக் கூட வராது என்பதை 1990இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே கேரளத்தில் சாதிச் சான்றிதழ் கேட்கும் தமிழ்க் குடும்பம், தன் முன்னோர் 1950க்கு முன்பே இங்கே இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். குடியிருந்த வீடு கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது, பட்டா கிடையாது. பாட்டி கொழுந்து பறித்ததற்குத் தோட்டத்து ஆபீஸில் ஏதாவது தாள் மிஞ்சியிருந்தால் பேத்திக்குச் சான்றிதழ், இல்லையென்றால் அலைச்சல். மூன்று தலைமுறை உழைப்பை ஒரு தாளைக் கொண்டு நிறுவச் சொல்வது கொடுமை என்றே நான் நினைக்கிறேன். அதே ஆண்டுகளில் சமவெளியிலிருந்து ஏறி வந்து மலையில் நிலம் பிடித்த குடியேற்றக்காரர்களிடம் இப்படி யாரும் தாள் கேட்டதில்லை.

பாலக்காட்டில் இந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையானதில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கத்துத் தமிழர்கள் எங்கிருந்தும் ஏறி வந்தவர்கள் அல்ல. சித்தூர்ப் பக்கம் கொச்சி அரசில் இருந்தது; மீதிப் பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே மக்கள் அப்படியே இருக்க, எல்லைதான் நகர்ந்தது. தேவிகுளமோ திருவிதாங்கூர் மண்.

தேவிகுளத்துத் தமிழனிடம் கேட்கப்படும் இரண்டாவது கேள்வி, ‘யாரைக் கும்பிடுகிறாய்?’

மூணாறு ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு மேட்டில் முருகன் கோயில், இன்னொரு மேட்டில் கத்தோலிக்கர்களின் கார்மல் மாதா கோயில், மற்றொன்றில் சி.எஸ்.ஐ. தேவாலயம், பள்ளிவாசலும் உண்டு. கார்மல் மாதா கோயில் 1898இல் வந்தது. சி.எஸ்.ஐ. தேவாலயத்தின் கதை வேறு மாதிரி. அங்கே முதலில் வந்தது கல்லறைதான். 1894இல் காலராவில் இறந்த ஒரு வெள்ளைக்கார மேலாளரின் இளம் மனைவியை அந்த மேட்டில் புதைத்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குக் கீழே தேவாலயம் எழுந்தது 1910–11இல். துரைமார்களுக்காகக் கட்டிய அந்தக் கோயிலின் திருச்சபைதான் பின்னர் எஸ்டேட்டு எஸ்டேட்டாகத் தமிழ்ச் சபைகளாகக் கிளை விட்டது. குண்டளையில் இருப்பதும் அப்படி ஒரு சபை.

லயத்து வாழ்க்கையில் மதம் எப்படி இருந்தது என்பதை ஆவணங்களை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. ஒரே வரிசை வீட்டில் அண்ணன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார், தம்பி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவார். பெண் எடுப்பது சாதிக்குள்தான், மதம் பார்த்தல்ல. சபையில் பெயர் எழுதிக்கொண்டால் பிள்ளை படிக்கப் பள்ளி கிடைக்கும், சீக்கு வந்தால் கேட்க ஒருவர் இருப்பார், செத்தால் குழி வெட்ட ஆறடி நிலம் நிச்சயம். நிலமே இல்லாதவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் கிடைக்கும் இடம் சிறிய விஷயமல்ல. இப்படிச் சேர்ந்தவர்களில் ஆழ்ந்த விசுவாசிகளும் இருந்தார்கள், பெயரளவில் இருந்தவர்களும் இருந்தார்கள். சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொரு பெயர் என்று இரண்டையும் சுமந்தவர்கள் ஏராளம். இரட்டை வாழ்க்கை வாழும் ஆசையில் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு பெயரில் ஆன்மாவுக்கு ஆறுதல் கிடைத்தது, மற்றதில் அரசாங்கத்தின் உதவி கிடைத்தது. இரண்டையும் ஒரே பெயரில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடவில்லை.

அந்தச் சட்டம் 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணை. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுவதாக வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. பழங்குடிகளுக்கு இந்தத் தடை கிடையாது. ஒரு பழங்குடி எந்த மதத்துக்குப் போனாலும் பழங்குடிதான்.

இதைத் தேர்தல் கணக்கில் வைத்துப் பாருங்கள். கேரளச் சட்டமன்றத்தில் 140 இடங்கள். மானந்தவாடியும் சுல்தான் பத்தேரியும் பழங்குடியினருக்கு. 14 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு. இடுக்கியில் தேவிகுளம், பாலக்காட்டில் தரூரும் கோங்காடும் அதில் அடக்கம். பழங்குடி இடங்களையும் சேர்த்து மீதி 126 இடங்களில் நிற்பவர் எந்தக் கோயிலுக்குப் போனால் என்ன, எந்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றால் என்ன, எதையுமே நம்பாவிட்டால்தான் என்ன, சட்டம் கேட்காது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் முதலமைச்சர்களாகவே ஆண்ட மாநிலம் அது. 14 இடங்களில் மட்டும், வேட்பாளரின் அப்பா எங்கே புதைக்கப்பட்டார் என்பது வரை விசாரிக்க வழி இருக்கிறது.

மதம் மாறிய அரசியல்வாதிகளின் பொதுவாழ்வை அந்தப் பத்தி பெரிய அளவில் தொட்டது நாகபுரியில். 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் பௌத்தத்தைத் தழுவினார். லட்சக்கணக்கானோர் அவர் பின்னால் போனார்கள். இந்திய அரசியல் தலைவர் ஒருவரின் மதமாற்றம் பொதுவாழ்வை இந்த அளவுக்குப் புரட்டிப்போட்ட நிகழ்ச்சி வேறில்லை. அவரே எழுதுவதற்குத் தலைமை தாங்கிய அரசியல் சட்டத்தின்கீழ் வந்த ஆணை, அவர் வழியில் போனவர்களின் பட்டியல் சாதி உரிமையைப் பறித்தது. 1962இல் நாகபுரியின் தனித்தொகுதி ஒன்றில் வென்ற டி.பி. மேஷ்ராமின் தேர்தல், அவர் பௌத்தர் என்பதால் செல்லாது என 1964இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே ஒளிவுமறைவே இல்லை. அவர் வெளிப்படையாக மதம் மாறியவர். அதற்குரிய விலையைக் கொடுத்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு கோலார் தங்கவயலில் நடந்தது. மூணாறைப் போலவே அதுவும் கம்பெனி கட்டிய ஊர். வடாற்காட்டுப் பக்கத்து ஆதிதிராவிடர்கள் சுரங்கத்துக்குள் இறங்கி வளர்த்த தமிழ்நகரம், மைசூர் மாநிலத்துக்குள். அங்கே எஸ். ராஜகோபால் 1949இல் கிறிஸ்தவரானவர். பின்னர் இந்து ஆதிதிராவிடராக வாழ்வதாகச் சொல்லி 1967இல் தனித்தொகுதியில் வென்றார். தோற்ற சி.எம். ஆறுமுகம் வழக்குப் போட்டார். ராஜகோபால் மறுபடி இந்து மதத்துக்கு வந்திருக்கலாம், ஆனால் சாதி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதற்குச் சான்று எங்கே என்று கேட்டது நீதிமன்றம். தேர்தல் ரத்தானது. 1972இல் அவர் மறுபடி நின்றார், மறுபடி வென்றார், அதே ஆறுமுகம் மறுபடி வழக்குப் போட்டார். இந்த முறை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் பக்கம் நின்றது. காரணங்களைப் படித்தால் மனம் கனக்கிறது. கோயில் சுவர் ஒன்றுக்கு அவரை அழைத்து அடிக்கல் நாட்டச் சொன்னார்கள். தந்தையின் இறுதிச் சடங்கு ஆதிதிராவிட இந்து வழக்கப்படி நடந்தது. பிள்ளைகளின் பள்ளிப் பதிவேட்டில் ஆதிதிராவிட இந்து என்று எழுதியிருக்கிறது. இரண்டு தேர்தல்களில் ஒரு தொகுதியின் மக்கள் தந்த தீர்ப்பைக் காப்பாற்ற, அப்பாவின் சாவுச் சடங்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி பகவதி சொன்ன ஒரு கருத்து தென்னிந்தியாவை அறிந்த எவருக்கும் தெரிந்த உண்மை: மதம் மாறியதாலேயே ஒருவர் சாதியை விட்டுப் போய்விடுவதில்லை, அது அந்தச் சாதியின் வழக்கத்தைப் பொறுத்தது. மாறியவர் சாதியை மறந்தாலும் ஊர் மறப்பதில்லை. 1985இல் சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவ ஆதிதிராவிடர், இந்துத் தொழிலாளிக்குத் தரும் பெட்டிக்கடையை எனக்கும் தாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு ஆதாரம் இருந்தால் போதும் என்பதை எந்தத் தீர்ப்பும் இதுவரை தெளிவாகச் சொல்லவில்லை.

பிறகு வந்தவை எல்லாம் இதே தடத்தில். 2006இல் ராஜபாளையம் தனித்தொகுதியில் வென்ற அ.தி.மு.க.வின் எம். சந்திரா கிறிஸ்தவர் என்று சொல்லி அவர் வெற்றியைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2009இல் மாவேலிக்கரை மக்களவைத் தொகுதியில் வென்ற காங்கிரஸின் கொடிக்குன்னில் சுரேஷ், கிறிஸ்தவச் சேரமர் பெற்றோருக்குப் பிறந்து பின்னர் இந்துவானவர். அவருடைய தேர்தலை 2010இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. இரண்டு இடங்களிலும் உயர் நீதிமன்றம் ஒன்று சொல்ல, உச்ச நீதிமன்றம் வேறொன்று சொன்னது. தேவிகுளத்திலும் அதுவே நடந்தது.

தேவிகுளம் இதற்கு முன்பும் தேர்தல் ரத்தைப் பார்த்த தொகுதிதான். கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் தற்காலிக அவைத் தலைவராக அமர்ந்து முதலமைச்சர் ஈ.எம்.எஸ். உள்ளிட்டோருக்கு உறுதிமொழி செய்துவைத்த ரோசம்மா புன்னூஸ் இங்கே வென்றவர். 1957இல் பி.கே. நாயரின் வேட்புமனுவைத் தள்ளியது தவறு என்று தீர்ப்பாகி ரோசம்மாவின் வெற்றி போனது. நீதிமன்றத்தால் பதவியிழந்த கேரளத்தின் முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். 1958 இடைத்தேர்தலில் மலைமலையாக ஏறி அவருக்காகப் பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். கூடவே போன சின்னத் தம்பிதான் பிற்காலத்து இளையராஜா. ரோசம்மா மறுபடி வென்றார். அவர் காஞ்ஞிரப்பள்ளிக் கிறிஸ்தவர். அவருடைய மதத்தைப் பற்றி அந்த வழக்கில் யாரும் வாய் திறக்கவில்லை. அன்று தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதி. அவர் வென்றது பொது இடம். ஒரே ஊர், ஒரே வாக்காளர்கள். தனி இடத்தில் நின்றவருக்கு மட்டும் வேறு கேள்வி.

2021க்கு வருவோம். தொகுதி தனித்தொகுதியான பின் வரதன், சுந்தரமாணிக்கம், ஏ.கே. மணி, எஸ். ராஜேந்திரன் என்று தமிழர்களே மாறி மாறி வந்தார்கள். மூன்று முறை வென்ற ராஜேந்திரனுக்குப் பதிலாக மார்க்சிஸ்ட் கட்சி ராஜாவை நிறுத்தியது. காங்கிரஸ் சார்பில் டி. குமார். ராஜா 59,049, குமார் 51,201, வித்தியாசம் 7,848. வேட்புமனுப் பரிசீலனையிலேயே குமார் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்: ராஜா கிறிஸ்தவர், இந்துப் பறையர் அல்ல, தனித்தொகுதியில் நிற்க முடியாது. தேர்தல் அதிகாரி அதை ஏற்கவில்லை. தோற்றபின் குமார் உயர் நீதிமன்றம் போனார்.

அங்கே சாட்சியாக வந்தவை குண்டளை சி.எஸ்.ஐ. சபையின் பதிவேடுகள். குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. அவற்றில் குடும்பத்தார் பெயர்கள் கிறிஸ்தவப் பெயர்களாக இருந்தன. சில பதிவுகள் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. திருமணப் படங்கள் வந்தன. மணமகனும் மணமகளும் உடுத்தியிருந்த உடை விவாதமானது. ராஜா தான் ஞானஸ்நானம் பெறவில்லை, திருமணம் இந்து முறைப்படி நடந்தது, தேவிகுளம் வட்டாட்சியர் தந்த இந்துப் பறையர் சான்றிதழ் கையில் இருக்கிறது என்றார். 2023 மார்ச் 20 அன்று நீதிபதி பி. சோமராஜன், ராஜா மனுத் தாக்கலின்போது கிறிஸ்தவர் என்றும் அந்தத் தொகுதிக்குத் தகுதியற்றவர் என்றும் தீர்ப்பளித்து வெற்றியை ரத்து செய்தார். பதிவேட்டில் கண்ட திருத்தங்களை உண்மையை மறைக்கும் முயற்சியாகவே அவர் பார்த்தார்.

ராஜா உச்ச நீதிமன்றம் போனார். ஏப்ரலில் கிடைத்தது நிபந்தனையோடு கூடிய தடை: அவைக்குப் போகலாம், வாக்களிக்கக் கூடாது, படி வாங்கக் கூடாது. வாக்கில்லாத உறுப்பினரை வைத்துக்கொண்டு ஒரு தொகுதி என்ன செய்யும்? அதுவும் எப்படிப்பட்ட தொகுதி! 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்ட தொகுதி. 2015இல் கூலி உயர்வுக்காகப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்து ‘பெண்கள் ஒற்றுமை’ என்று பெயர் வாங்கிய தொகுதி. வீட்டுமனை, பட்டா, தமிழ்வழிப் பள்ளி, காட்டு யானை என்று கேட்க எத்தனையோ இருக்கும்போது அவர்களுடைய குரலின் தகுதி ஒரு சபைப் பதிவேட்டின் மைக்கறைக்குள் சிக்கிக்கொண்டது. குமார் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். சட்டம் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் அவர் போனார். கதவு அங்கே ஏன் இருக்கிறது என்பதே என் கேள்வி.

2025 மே 6 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, அசானுதீன் அமானுல்லா, அகஸ்டின் ஜார்ஜ் மசீஹ் அடங்கிய அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளியது. வட்டாட்சியர் தந்த சாதிச் சான்றிதழை யாரும் உரிய இடத்தில் எதிர்க்கவில்லை, அது இன்னும் செல்லுபடியாகிறது. அது நிற்கும்போது திருத்தங்கள் கொண்ட பதிவேட்டையும் படங்களையும் வைத்து மதமாற்றத்தை நிரூபித்ததாகச் சொல்ல முடியாது என்பது சாரம். குடும்பம் 1950க்கு முன்பே கேரளத்தில் இருந்தது என்ற வாதமும் ராஜாவுக்குச் சாதகமாகவே முடிந்தது. பதவிக்குரிய எல்லாப் பயன்களும் அவருக்கு உண்டு என்றது தீர்ப்பு. அப்போது அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளில் ஓராண்டுதான் மீதி.

ராஜா வென்றார் என்று மகிழ்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பு அவர் கிறிஸ்தவர் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னது. கிறிஸ்தவராக இருந்தாலும் அவர் நிற்கலாம் என்று சொல்லவில்லை. 1950 ஆணை இருக்கும் வரை சொல்லவும் முடியாது. கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சியின் உறுப்பினர், தன் மக்களுக்காகப் பேசும் உரிமையைக் காக்கத் தான் இந்து என்று நான்கு ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது. கட்சிக்கு வேறு வழி இல்லை, அவருக்கும் இல்லை. நாளை அதே குண்டளையில் ஒரு பெண் உண்மையாகவே கிறிஸ்துவை நம்பி அதை வாய்விட்டுச் சொன்னால், அவளுக்குத் தேவிகுளம் கிடையாது. தாத்தா பெரட்டில் நின்றது, பாட்டி கொழுந்து பறித்தது, சாதி சொல்லி டீக்கடையில் ஒதுக்கப்பட்டது எதுவும் மாறியிருக்காது.

மதம் மாறினால் சாதி போகும் என்று சட்டம் நம்புவது எவ்வளவு தவறு என்பதற்குப் பாலக்காடே சாட்சி. கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் ஈழவர்கள் நடக்கக் கூடாது என்ற தடை 1920களில் பெரும் போராட்டமானது. 1924 ஆகஸ்டில் கோவைப் பகுதியின் ஆர். வீரையன், பொதுத் தெருக்கள் எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அந்த நவம்பரில் தேர்த்திருவிழாவுக்கு வந்த ஈழவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். அதன்பின் பலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, அந்த அடையாளத்தோடு தெருவில் நடக்கப் போராடினார்கள். வேறு மதங்களுக்குப் போனவர்களும் உண்டு. தெருவில் நடக்கவே ஒரு புது மதம் தேவைப்பட்ட காலம் அது. அந்த ஊரில் மதமாற்றம் ஒரு தெருவைத் திறக்கும் சாவியாக இருந்தது. 1950க்குப் பிறகு அதே மதமாற்றம் சட்டமன்றக் கதவை அடைக்கும் தாழ்ப்பாளாகிவிட்டது. இரண்டுக்கும் அடியில் இருந்த சாதி அசையவில்லை. நூறாண்டு நெருங்கிய நிலையில், 2017இல் பாலக்காட்டு முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தமிழ்ச் சக்கிலியர்கள் தீண்டாமைக் கொடுமையைச் சொல்லிப் போராடினார்கள். கொங்குத் தமிழர் தெருவும் சக்கிலியர் தெருவும் அங்கே தள்ளித்தான் இருக்கின்றன. எல்லை நகர்ந்தும் அந்த இடைவெளி குறையவில்லை.

கேரளம் இந்த உண்மையை அறியாத மாநிலமும் அல்ல. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்குத் தனி மேம்பாட்டுக் கழகம் ஒன்றைக் கோட்டயத்தில் நடத்துகிறது. படிப்பு உதவியில் அவர்களுக்குத் தனிச் சலுகை தருகிறது. மதம் மாறியும் இவர்கள் ஏழைகள், ஒதுக்கப்பட்டவர்கள் என்று ஒப்புக்கொள்வதுதானே அது? படிக்க உதவி வேண்டியவர் என்று ஒப்புக்கொள்ளும் அரசமைப்பு, அவர் தன் மக்களுக்காக அவையில் உட்காரும்போது மட்டும் ஏன் அந்நியராக்குகிறது? மாநிலம் தன் பணத்தில் உதவலாம், ஒதுக்கிய இடத்தைத் தர அதற்கு அதிகாரம் இல்லை என்பது சட்டப்படியான பதில். அந்த அதிகாரம் டெல்லியிடம் இருக்கிறது.

மறுதரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தனி இடங்கள் குறைவு. இவற்றில் சபைகளின் பள்ளி, பணம், அமைப்பு என்று பின்பலம் உள்ளவர்கள் வந்தால் ஆதரவற்ற இந்துப் பறையருக்கும் சக்கிலியருக்கும் என்ன மிஞ்சும் என்று பட்டியல் சாதி அமைப்புகளே கேட்கின்றன. இந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. சபைகளும் தங்களுக்குள் இருக்கும் சாதியை எத்தனை காலம் மூடி மறைத்தன என்பதும் தெரிந்ததே; பறையருக்குத் தனி வரிசை, தனிக் கல்லறை வைத்த கோயில்கள் தமிழ்நாட்டில் இருந்தன. ஆனால் இடம் குறைவு என்பதற்கு மருந்து இடத்தைக் கூட்டுவதுதான். கிறிஸ்தவத் தலித்துக்குக் கதவை அடைப்பதால் சக்கிலியருக்குத் தேவிகுளம் கிடைத்துவிடவில்லை. கிடைத்தவர்களும் தங்கள் அப்பா அம்மாவின் பெயரைக் கூண்டில் நின்று விளக்க வேண்டியதாகிறது.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது. அப்பத்தியை எதிர்க்கும் வழக்குகள் 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு இன்னொரு ஆணையம் அமைத்து, மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை தரலாமா என்று ஆராயச் சொன்னது. தலைவர் கே.ஜி. பாலகிருஷ்ணன். வைக்கம் பகுதியில் பிறந்து இந்தியாவின் முதல் தலித் தலைமை நீதிபதியானவர். இரண்டு ஆண்டுகளில் அறிக்கை என்றார்கள், காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. மிஸ்ரா அறிக்கையைக் கிடப்பில் போட்டுவிட்டதுபோல் இதையும் போட்டுவிடக் கூடாது. அறிக்கை வந்ததும் அதை நாடாளுமன்றத்தில் வைத்து விவாதிக்க வேண்டும். அதுவரை தேவிகுளத்தில், தரூரில், கோங்காட்டில் யார் நின்றாலும், மனுத் தாக்கல் செய்யும் நாளில் எதிர்த்தரப்பு முதலில் தேடிப் போவது அவர்களுடைய கொள்கையை அல்ல, சபைப் பதிவேட்டை.

அடுத்த இதழில் அட்டப்பாடிக்குப் போவோம்; பழங்குடி நிலம் எப்படிக் கை மாறியது என்பது அங்கே நடந்த கதை.